கரையேறிய கப்பல் பீரங்கிகள்

(வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தில் பீரங்கிக்கு என்ன வேலை என்று தலைப்பைக் கண்டதும் சிலர் புன்னகைத்திருக்கலாம். அந்தப் புன்னகை நியாயமானதே. ஆயினும், போரைப் பாடுவதற்கென்றே ஒரு திணையையும், பரணி என்று தனியொரு சிற்றிலக்கிய வகையையும் படைத்துக்கொண்ட மொழி நம்முடையது. புறநானூற்றில் பொன்முடியார் படைத்த தாய், தன் மகன் போர்க்களம் செல்வதற்கு முன் யார் யாருக்கு என்னென்ன கடமை என்று அடுக்கிச் சொல்லும்போது, அரசனோடு கொல்லனுக்கும் ஓர் இடம் தருகிறாள். ஆயுதம் செய்பவனை மறவாத பாட்டு அது. நான் இன்று பேச எடுத்துக்கொண்டதும் ஒருவகையில் கொல்லர்களின் கதைதான். கடலில் மிதக்கும் கப்பலுக்கென்று வார்க்கப்பட்ட பீரங்கியைக் கழற்றி, கரையேற்றி, மரத்தையும் வண்டிச் சக்கரத்தையும் பூட்டித் தரைப்போருக்கு இழுத்துச் சென்றவர்களின் கதை. அக்கதையின் ஓரத்தில் நம்மவர்களும் நிற்கிறார்கள். அவர்களைக் காட்டுவதற்காகவே இவ்வளவு தூரம் சுற்றி வரப்போகிறேன்.

முதலில் ஓர் எளிய கேள்வி. தரைப்படையிடம் பீரங்கி இல்லையா? கப்பலிலிருந்து ஏன் இறக்க வேண்டும்? விடை எடையில் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை தரைப்படையின் பீரங்கியைக் குதிரைகள் இழுத்தன. ஆறு குதிரைகள் இழுத்துக்கொண்டு ஓடக்கூடிய எடைக்குமேல் அது இருக்கலாகாது. ஆகவே குழல் குட்டையாயிற்று. எட்டும் தொலைவும் குறைந்தது. கப்பல் பீரங்கிக்கு இந்தக் கவலை கிடையாது. கப்பலே அதைச் சுமக்கிறது. குழலை நீட்டலாம், கனக்கச் செய்யலாம். ஆனால் அதே காரணத்தால், கரையில் அது காலில்லாத யானையாகிவிடுகிறது. அதற்குச் சக்கரம் இல்லை. சுடும்போது பின்னோக்கி உதைக்கும் விசையைக் கப்பலின் தளமே தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது அது. மண்ணில் வைத்துச் சுட்டால், அந்த உதைப்பை எது தாங்கும்? இந்த ஒரு கேள்விக்கு அவசரத்தில் கண்ட விடைகளே நாம் காணவிருக்கும் வரலாறு.

இத்தகைய முயற்சிகளில் மிகப் புகழ்பெற்றது தென்னாப்பிரிக்காவில், நேட்டால் நாட்டின் லேடிஸ்மித் நகரில் நிகழ்ந்தது. 1899 அக்டோபர் 11ஆம் நாள் ஆங்கிலேயருக்கும் போயர் குடியரசுகளுக்கும் போர் மூண்டது. போயர்கள் உழவர்கள், அவர்களிடம் துப்பாக்கியன்றி வேறு என்ன இருக்கப்போகிறது என்று ஆங்கிலத் தளபதிகள் எண்ணியிருந்தனர். ஆனால் டிரான்ஸ்வால் அரசு, பிரான்சின் க்ரூசோ ஆலையிலிருந்து 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கினைப் பிரிட்டோரியாக் கோட்டைகளுக்கென வாங்கி வைத்திருந்தது. ஏறத்தாழ 43 கிலோ எடையுள்ள குண்டைப் பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கு எறிய வல்லவை அவை. ‘லாங் டாம்’ என்பது அவற்றிற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். கோட்டைப் பீரங்கி கோட்டையிலேதான் இருக்கும் என்பது ஐரோப்பியப் போர்நூல்களின் பாடம். அந்தப் பாடத்தைப் படிக்காத போயர்கள், எருதுகளைப் பூட்டி அவற்றைக் குன்றின்மேல் ஏற்றிவிட்டார்கள். லேடிஸ்மித்திலிருந்த ஆங்கிலத் தளபதி ஜார்ஜ் ஒயிட்டின் பீரங்கிகள் அதில் ஏறத்தாழப் பாதித் தொலைவுதான் எட்டும். எதிரி அடிப்பான், திருப்பி அடிக்க இயலாது. கப்பற்படையிடம் நெடுந்தொலைவு சுடும் பீரங்கிகள் கிடைக்குமா என்று ஒயிட் தந்தி கொடுத்தார்.

அத்தந்தி சென்ற வேளையில், கேப் நகருக்கு அருகிலுள்ள சைமன்ஸ் டவுன் துறைமுகத்தில் ‘டெரிபிள்’ என்ற போர்க்கப்பல் நின்றிருந்தது. அதன் தலைவர் பெர்சி ஸ்காட். பீரங்கிச் சுடுதலில் பழைய முறைகளோடு ஓயாமல் மல்லுக்கு நின்றவர்; மேலதிகாரிகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காதவர். தந்தி வருவதற்கு முன்பே அவர் வேலையைத் தொடங்கியிருந்தார். பன்னிரண்டு பவுண்டுக் குண்டு எறியும் கப்பல் பீரங்கி ஒன்றை எடுத்தார். நீண்ட மரத்துண்டு ஒன்றை அதன் வாலாக அமைத்தார். கேப் நாட்டுப் பார வண்டியின் சக்கரங்கள் இரண்டைப் பூட்டினார். வாலின் நுனி மண்ணில் ஊன்றிக்கொள்ள, பீரங்கி தரையில் நின்றது, சுட்டது.

பெரிய பீரங்கிகளின் செய்தி வேறு. 4.7 அங்குல வாயுடைய அவற்றின் குழல் மட்டுமே இரண்டு டன் எடை. ஸ்காட் இதற்கு வேறொரு வழி கண்டார். பதினான்கு அடி நீளமும் ஓரடிச் சதுரமும் உள்ள நான்கு மரக்கட்டைகளை இரண்டிரண்டாக வைத்துச் சிலுவை வடிவில் பிணைத்தார். கப்பலில் பீரங்கி நிற்கும் அதே பீடத்தை, அச்சிலுவையின் நடுவில் ஆணியடித்து இறுக்கினார். அவ்வளவுதான். கப்பலின் தளத்திலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து மண்ணில் பரப்பியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். உதைப்பை அந்தச் சிலுவையின் நான்கு கைகளும் பகிர்ந்துகொண்டன. வரைபடம், ஒப்புதல், செலவுக் கணக்கு என்று ஆண்டுகள் பிடிக்கக்கூடிய வேலை, ஒன்றிரண்டு நாட்களில் துறைமுகப் பட்டறையில் முடிந்தது.

‘பவர்ஃபுல்’ என்ற கப்பல் இவற்றை ஏற்றிக்கொண்டு அக்டோபர் 29ஆம் நாள் டர்பன் வந்தது. அங்கிருந்து லேடிஸ்மித்துக்கு இருப்புப்பாதை வழியே சுமார் 300 கிலோமீட்டர். கப்பல் தலைவர் ஹெட்வர்த் லாம்ப்டன், ஏறத்தாழ 280 மாலுமிகளுடன் ரயிலேறினார். மறுநாள் காலை அவர்கள் லேடிஸ்மித்தில் இறங்கியபோது, நகருக்கு வெளியே தோற்ற ஆங்கிலப் படை திரும்பிக்கொண்டிருந்தது. பெப்வொர்த் குன்றிலிருந்து லாங் டாம் குண்டு பொழிந்துகொண்டிருந்தது. மாலுமிகள் வண்டியிலிருந்து பன்னிரண்டு பவுண்டுப் பீரங்கிகளை இறக்கி, எருது பூட்டி இழுத்துச் சென்று, சுட்டார்கள். லாங் டாம் சற்று நேரம் வாய்மூடியது. நவம்பர் 2ஆம் நாள் இருப்புப்பாதை துண்டிக்கப்பட்டு முற்றுகை தொடங்கியது. ஒரு சில நாட்கள் தாமதித்திருந்தால் அந்தப் பீரங்கிகள் உள்ளே நுழைந்திருக்க இயலாது.

முற்றுகை 118 நாட்கள் நீடித்தது. இரண்டு பெரிய பீரங்கிகளுக்கும் மாலுமிகள் பெண் பெயர் சூட்டினார்கள். ஒன்று ‘லேடி ஆன்’. மற்றொன்று ‘பிளடி மேரி’. கொண்டுவந்த குண்டுகள் கொஞ்சமே ஆதலால் எண்ணி எண்ணிச் சுட வேண்டியிருந்தது. எதிரியை அழிப்பதைவிட, அவனைத் தொலைவில் நிறுத்தி வைப்பதே இவற்றின் பணியாயிற்று. இதில் வீரக்கதைக்கு வேண்டியவை எல்லாம் உண்டு. முற்றுகையின் முதல் நாளிலேயே, எகர்ட்டன் என்ற கப்பற்படை அதிகாரி தம் பீரங்கியின் அருகிலேயே குண்டடிபட்டு இரு கால்களையும் இழந்து மாண்டார். 1900 ஜனவரி 6ஆம் நாள் விடியுமுன், ‘லேடி ஆன்’ பீரங்கியை வாகன் குன்றில் ஏற்றுவதற்காகச் சென்றிருந்த மாலுமிகள், எதிர்பாராது பாய்ந்த போயர்களோடு கைகலக்க நேர்ந்தது. கிறிஸ்துமஸ் நாளில் போயர்கள், வெடிமருந்துக்குப் பதிலாகப் பண்டிகைப் பலகாரத்தை அடைத்து, வாழ்த்துச் சொல்லோடு ஒரு குண்டை எறிந்தார்கள் என்பதையும் எல்லா நூல்களும் சொல்கின்றன. போரின் நடுவே மனிதர்கள் ஒரு நாள் மனிதர்களாக இருந்து பார்த்தார்கள் போலும். ஆனால் உள்ளே இருந்தவர்களைக் கொன்றது பெரும்பாலும் குண்டு அன்று; குடற்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமே. இதைப் பீரங்கியின் கதை சொல்பவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள்.

இதே போரில் கிம்பர்லி நகரமும் முற்றுகையிடப்பட்டது. அங்கே வைரச் சுரங்கப் பொறியாளரான ஜார்ஜ் லாப்ராம் என்ற அமெரிக்கர், பீரங்கி செய்து பழக்கமே இல்லாத சுரங்கப் பட்டறையில் ஒரு முழுப் பீரங்கியையே கடைந்தெடுத்தார். 1900 ஜனவரியில் அது சுடத் தொடங்கியது. பிப்ரவரி 9ஆம் நாள், போயர்களின் லாங் டாம் எறிந்த குண்டொன்று அவர் தங்கியிருந்த விடுதியில் விழுந்து அவரைக் கொன்றது. அந்த லாங் டாம் லேடிஸ்மித்தில் ஆங்கிலேயரால் சிதைக்கப்பட்டு, பிரிட்டோரியாப் பட்டறையில் குழல் வெட்டிச் செப்பனிடப்பட்டு வந்தது. ஆக, இரு பக்கமும் கொல்லர்கள். இரு பக்கமும் அறிவுக்கூர்மை. ஒரு பட்டறையின் திறமை மற்றொரு பட்டறையின் கொல்லனைக் கொன்றது. கருவியறிவுக்கு அறம் தானாக அமைவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இப்போது கதையின் ஓரத்திற்கு வருவோம்.

நேட்டால் என்ற பெயரைக் கேட்டதும் தமிழர்க்கு வேறொன்றும் நினைவு வரவேண்டும். 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்று டர்பனில் இறக்கியது. அதற்குப்பின் ஐம்பது ஆண்டுகள், கரும்புத் தோட்டத்திற்கும் நிலக்கரிச் சுரங்கத்திற்கும் இருப்புப்பாதைக்கும் நம்மவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ‘பவர்ஃபுல்’ வந்து நின்ற அதே துறைமுகம். மாலுமிகள் ஏறிய அதே இருப்புப்பாதை. லேடிஸ்மித் முற்றுகையிலும் இந்தியர்கள் அகப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரைக் காந்தியடிகள் தம் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் பெயர் சொல்லிக் குறித்துள்ளார். பிரபு சிங் என்பது பெயர், ஒப்பந்தக் கூலி. உம்புல்வானா குன்றிலிருந்து பீரங்கி சுடும்போது முதலில் ஒளி தெரியும். குண்டு வந்து விழச் சில விநாடிகள் ஆகும். பிரபு சிங் ஒரு மரத்தின்மேல் அமர்ந்து, குன்றிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒளி தெரிந்த கணமே மணியடிப்பார். அந்தச் சில விநாடிகளில் மக்கள் பதுங்கிக்கொள்வார்கள். தாம் பதுங்குவதற்கு அவருக்கு மரத்தின்மேல் இடமில்லை. அப்போதைய வைஸ்ராய் கர்சன் பிரபு அவருக்குக் காஷ்மீர அங்கி ஒன்றைப் பரிசாக அனுப்பினார் என்றும் காந்தியடிகள் எழுதுகிறார்.

இரண்டு டன் எஃகுக்கும் ஒரு வெண்கல மணிக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு! முன்னது ஓர் உயிரைக்கூட நேராகக் காக்கவில்லை. எதிரியை மிரட்டிக் காத்தது. பின்னது யாரையும் மிரட்டாமல் காத்தது. ஆனால் ‘லேடி ஆன்’ பற்றி எத்தனை பக்கங்கள். பிரபு சிங் பற்றி எத்தனை வரிகள்!

முற்றுகைக்கு வெளியே, நகரை மீட்க வந்த தளபதி புல்லரின் படையிலும் கப்பல் பீரங்கிகள் இருந்தன. இம்முறை 4.7 அங்குலப் பீரங்கிகளுக்கும் சக்கரம் பூட்டப்பட்டிருந்தது. ஒன்றை இழுக்க முப்பது எருதுகள் வரை வேண்டியிருந்தன. 1899 டிசம்பர் 15ஆம் நாள் கொலென்சோவில் போர். அதற்கு முன் இரு நாட்களாக அப்பீரங்கிகள் எதிர்க்கரைக் குன்றுகளை இடித்தன. பதுங்குகுழிகளில் இருந்த போயர்கள் ஒரு வேட்டுகூடத் திருப்பிச் சுடாமல் காத்திருந்தார்கள். படை ஆற்றை நெருங்கியதும் சுட்டார்கள். ஆங்கிலேயருக்குப் பெருந்தோல்வி. பார்க்க முடியாத எதிரியை எவ்வளவு நீண்ட பீரங்கியாலும் அடிக்க முடியாது.

அந்தத் தோல்வியில் விழுந்தவர்களைச் சுமந்து வந்தவர்களுள் இந்திய மருத்துவத் தொண்டர் படையும் ஒன்று. ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் முந்நூறு பேர் சுதந்திர இந்தியர். மற்றவர்கள் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். அதைத் திரட்டியவர் முப்பது வயது வழக்கறிஞரான காந்தி. தம் உள்ளத்தின் பரிவு போயர்கள் பக்கமே இருந்தது என்றும், பிரிட்டிஷ் குடிமகனுக்குரிய உரிமையைக் கேட்பவன் அதன் கடமையையும் செய்யவேண்டும் என்று கருதியதாலேயே சென்றதாகவும் அவர் பின்னர் எழுதினார். குண்டு விழும் எல்லைக்குள் போகவேண்டியதில்லை என்பது முதலில் செய்துகொண்ட ஏற்பாடு. 1900 ஜனவரியில் ஸ்பியோன் காப் குன்றில் காயமுற்றோர் குவிந்தபோது, விரும்பினால் உள்ளே வரலாம் என்று செய்தி வந்தது. போனார்கள். தளபதி உட்கேட்டைத் தூக்கி வந்தவர்கள் இவர்களே. ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல்கள் டோலி சுமந்து நடந்த நாட்களும் உண்டு.

போர் முடிந்தது. தலைவர்களாக இருந்தவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. சுமந்த கூலிகள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாதவர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்கும் சட்டத்தை நேட்டால் 1895இலேயே இயற்றியிருந்தது. அந்த வரி நீங்க 1914 வரை போராட வேண்டியிருந்தது. தில்லையாடி வள்ளியம்மையின் உயிரும் அப்போராட்டத்தில்தான் போயிற்று. மாலுமிகள் நாடு திரும்பி, பேரரசி விக்டோரியாவின் முன் அணிவகுத்தார்கள். பீரங்கியைப் பிரித்து, சுவரேற்றி, பூட்டி, சுடும் போட்டியாக அவர்கள் நினைவு 1907 முதல் 1999 வரை லண்டனில் கொண்டாடப்பட்டது. டோலி தூக்கும் போட்டி எங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

இது லேடிஸ்மித்தோடு தொடங்கியதும் அன்று, முடிந்ததும் அன்று. 1854இல் செவஸ்தோபோல் முற்றுகையில் ரஷ்யர்கள் தம் கப்பல்களைத் தாமே துறைமுக வாயிலில் மூழ்கடித்து, அவற்றின் பீரங்கிகளைக் கோட்டைமேல் ஏற்றினார்கள். எதிரே ஆங்கிலேயரும் கப்பல் பீரங்கிகளைக் கரையேற்றினார்கள். அந்தக் கோட்டையில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த இளைஞர் லியோ தோல்ஸ்தோய். அங்கே கண்டதை அவர் எழுதிய கதைகளில் வீரர்கள் உண்டு. ஆனால் அவர் தம் நாயகன் என்று அறிவித்தது உண்மையை. ஆங்கிலேயர் பக்கத்தில் பீரங்கி இழுத்த வில்லியம் பீல், மூன்று ஆண்டுகளில் ‘ஷானன்’ கப்பலின் பீரங்கிகளோடு கல்கத்தாவில் இறங்கி, கங்கை வழியே அலகாபாத் சென்று, 1857 நவம்பரில் லக்னோவின் மதில்களை இடித்தார். அங்கே விக்டோரியாச் சிலுவை பெற்ற மாலுமி வில்லியம் ஹால், அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெற்றோரின் மகன். அடிமைத் தளையிலிருந்து தப்பியவர்களின் பிள்ளை, விடுதலை கேட்டவர்களின் மதிலை இடிக்க நேர்ந்தது. பேரரசுகளின் கணக்கு அப்படிப்பட்டது.

பின்னொரு கதையும் உண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் சென்னையைச் சுட்ட ‘எம்டன்’ கப்பலை நாம் மறக்கவில்லை. அப்பெயரே நம் பேச்சில் ஒரு சொல்லாகிவிட்டது. அதில் இருந்தவை 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. அதே வகைப் பீரங்கிகள் பத்தினைத் தாங்கிய ‘கோனிக்ஸ்பர்க்’ என்ற கப்பல், 1915 ஜூலையில் ஆப்பிரிக்காவின் ரூஃபிஜி ஆற்றுக் கழிமுகத்தில் அழிந்தது. ஜெர்மானியர் அப்பத்தையும் சேற்றிலிருந்து மீட்டு, தார் எஸ் சலாம் பட்டறையில் சக்கரம் பூட்டி, காடும் மலையும் இழுத்துச் சென்று ஆங்கிலேயரைச் சுட்டார்கள். முன்னர் ‘கோனிக்ஸ்பர்க்’ மூழ்கடித்த ‘பெகாசஸ்’ என்ற ஆங்கிலக் கப்பலின் பீரங்கிகளும் அவ்வாறே கரையேறி அவற்றை எதிர்த்தன. கடலில் மாண்ட இரு கப்பல்கள் தரையில் பேய்களாக மோதிக்கொண்டன என்றால் பரணிக்கு ஏற்ற காட்சிதான். ஆனால் ஒவ்வொரு பீரங்கியையும் கயிறு கட்டி இழுத்தவர்கள் நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கக் கூலிகள். அப்போரில் சுமை தூக்கி மாண்ட ஆப்பிரிக்கர் பல பத்தாயிரம் பேர். பீரங்கிகளில் சில இன்றும் மொம்பாசாவிலும் பிரிட்டோரியாவிலும் காட்சிப்பொருளாக நிற்கின்றன. இழுத்தவர்களின் பெயர்ப்பட்டியல் எங்கும் நிற்கவில்லை.

அன்பர்களே, தோல்ஸ்தோய் பீரங்கியை விட்டு விலகி எங்கே போய்ச்சேர்ந்தார் என்பதை நாம் அறிவோம். டோலி தூக்கிய வழக்கறிஞர் 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைத்த பண்ணை அவர் பெயரையே தாங்கியது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. 1920இல் காந்தியடிகள் தம் போயர் போர்ப் பதக்கத்தையும் அரசிடம் திருப்பி அனுப்பினார். பீரங்கியின் அருகே நின்றவர் இருவர், அதன் ஓசைக்கு அப்பால் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். கருவியின் வரலாற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கேட்கும் திறன்.

ஆகவே, பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கடல் கடந்து சென்ற குடும்பங்களின் கிளைகள் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கின்றன. போனவர் அனுப்பிய கடிதம், திரும்பி வந்த பாட்டனார் சொன்ன கதை, அவர்களைப் பிரிந்தவர் பாடிய ஒப்பாரி ஆகியவை சில வீடுகளிலேனும் எஞ்சியிருக்கும். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தை அவற்றைக் கேட்பதற்கென்றே ஒதுக்குவோம். கேட்டதை எழுதி வைப்போம். பீரங்கிக்குப் பெயர் வைத்தவர்கள் அதைப் பாதுகாக்கவும் செய்தார்கள். சுமந்தவர்களுக்குப் பெயர் இருந்தது, பாதுகாக்கத்தான் ஆளில்லை. அந்தப் பணி இலக்கியத்தினுடையது. பொன்முடியாரின் தாய் அடுக்கிய கடமைகளோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.